சுவரில் இரண்டு கோடுகள்

கொள்ளிடக்கரையில் அரசு பிரசவ ஆஸ்பத்திரி கட்ட இடம் பார்த்து அறிக்கை எழுத வந்த என்ஜினீயர் அவர். ஒல்லியான உடம்பு, மடித்துவிட்ட பேன்ட், கையில் சிவப்பு பெயின்ட் டப்பா. ஸ்ரீரங்கத்தில் ஆற்றை ஒட்டிய கடைசித் தெரு எங்களுடையது. போன வெள்ளம் எதுவரை ஏறியது என்று கேட்டார். எங்கள் வீட்டுச் சுவரில் இடுப்பு உயரத்தைக் காட்டினேன். அங்கே கோடு இழுத்து, குழந்தைக்குச் சூடான பாலை ஆற்றுவதுபோல ஊதிக் காயவைத்தார்.

அடுத்த மாதம் திரும்பி வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சார், இந்த உயரம் போட்டா இடம் பாஸ் ஆகாதுன்னு மேல சொல்லிட்டாங்க. அடிக்கல் நாட்டத் தேதியும் குறிச்சாச்சு. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, முழங்கால் வரைக்கும்தானே வந்துச்சு?"

பிரசவ வலி எடுத்தால் ஆட்டோ பிடித்துத் திருச்சிக்கு ஓடுகிறவர்கள் நாங்கள். "இருக்கலாங்க" என்றேன். அவர் நீட்டிய தாளில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

முழங்கால் உயரத்தில் இன்னொரு கோடு போட்டார். அதையும் ஊதினார். கிளம்பும்போது வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"உங்க வீட்டுக்கு மாடி இருக்குல்ல சார்?"

"இருக்குங்க."

"நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவரை எப்படிப்பட்டவர் என்று சொல்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆஸ்பத்திரி வந்துவிட்டது. இன்று காலையிலிருந்து, ஆற்றில் தண்ணீர் கூடுகிறது, யாரும் இறங்காதீர்கள் என்று மைக் கட்டிய ஆட்டோ சுற்றுகிறது. எங்கள் வீட்டுக்கு மாடி இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு இல்லை.