தோற்றத்துக்குப் பத்து மார்க்

மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் பழங்குடிக் கதை சொல்லும் போட்டி நடந்தது. நான் நடுவர். பத்திரிகைக்கு ஜோக் எழுதுகிறவனுக்கு வேறென்ன தகுதி வேண்டும்? இடுப்பில் பிளாஸ்டிக் இலையும் தலையில் கோழி இறகுமாகப் பிள்ளைகள் வந்து குதித்தார்கள். நானும் மார்க்கை அள்ளி வீசினேன்.

ஒரு சிறுமி மட்டும் பள்ளிச் சீருடையில் வந்தாள். "நாங்க இருளருங்க" என்று தொடங்கி, மாசி மகத்தன்று கடற்கரை மணலில் படி கட்டித் தன் வீட்டார் குலதெய்வமான கன்னியம்மாவைக் கூப்பிடும் கதையைச் சொன்னாள். கதை பிரமாதம். ஆனால் தோற்றத்துக்கான பத்து மார்க்கில் நான் முட்டை போட்டதில் பரிசு போய்விட்டது.

முடிந்ததும் அவளுடைய அப்பா வந்தார். ஒல்லியான மனிதர். வாயைத் திறக்குமுன் கழுத்துப் பட்டன் சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"பாப்பா இன்னா தப்பு பண்ணுச்சு சார்?"

"கதை நல்லாத்தான் இருந்துச்சு. டிரெஸ்தான் பழங்குடி மாதிரி இல்ல."

சொன்ன பிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. அவர் சண்டைக்கு வந்திருந்தால் பிழைத்திருப்பேன்.

"இருளர்னு அது வெளிய சொன்னதே இன்னிக்குத்தான் சார். இனிமே சொல்லவே மாட்டேன்னு அழுதுகினு கீது. அந்த டிரெஸ் எங்க சார் வாடகைக்குக் கெடைக்கும்?"

எதற்கும் ஒரு ஜோக் வைத்திருக்கும் நான், மந்தைவெளியில் ஒரு கடைக்கு வழி சொன்னேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். என்னைக் கிண்டல் செய்தாரா, நிஜமாகவே கேட்டாரா என்று இன்றுவரை தெரியவில்லை. கிண்டலாக இருக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன்.