விளக்கில்லாத வண்டியின் வழக்கு

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பிறகு லொறியில் மூட்டை ஏற்றி இறக்கித் தம்புள்ளை வரை போனேன். லக்கலப் பக்கம் காடு வெட்டிச் சேனைப் பயிர் போட்டேன். யானை வந்து பயிரை மிதித்ததும் அதையும் விட்டேன். ஓர் இடத்தில் ஒரு வருசம் நிலைத்தது கிடையாது. ஆனால் மாத்தளைக் கோட்டில் கிடந்த பழைய வழக்கொன்றை, புரொக்டர், வக்கீல் என்று யாரையும் பிடிக்காமல் தேடி எடுத்தவனும் நான்தான். அதை இன்றைக்கும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

லக்கலயிலிருந்து திரும்பியபோது தோட்டத்து லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பரா இழவு வீடுபோல் இருந்தது. இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டிருந்த அப்பாவை விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். தோட்டத்து ஆட்களின் பெயர் பதிகிற செக்ரோலில், உலகச் சண்டைக் காலத்தில் இரண்டு வருசம் அவர் பெயர் இல்லை. விடாமல் இங்கேயே இருந்தவர்களுக்குத்தான் பிரஜாவுரிமை; அந்த இரண்டு வருசமும் இந்தியாவில் இருந்தீரா என்று அதிகாரி கேட்டிருக்கிறார். மாத்தளை டவுனில் மாட்டு வண்டி ஓட்டினேன் என்று அப்பா சொல்லியிருக்கிறார். வண்டியின் சொந்தக்காரர் செத்துப் பல காலம். அப்படியானால் இங்கே இருந்ததற்கு ஏதாவது எழுத்தில் கொண்டுவாரும் என்று தவணை கொடுத்துவிட்டார். கொண்டுபோகாவிட்டால் அப்பா, அம்மா, என் தங்கைகள் எல்லோரும் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஆட்கள்.

அன்று சாயந்தரம் அம்மா மெதுவாகத் தொடங்கினார்.

"கோட்டுல தண்டம் கட்டினீங்களே, அதச் சொன்னா என்னாங்க?"

"வாய மூடு! கோட்டுப் படி ஏறாத குடும்பம்னு லயம் பூரா சொல்லி வச்சிருக்கேன்."

"நீங்களா எங்க ஏறினீங்க? பொலிசுல்ல இழுத்துக்கிட்டுப் போனாங்க."

தங்கைகள் சிரித்துவிட்டார்கள். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். விளக்கில்லாமல் இரவில் வண்டி ஓட்டியதும், மறித்த பொலிஸ்காரரோடு வாயாடியதும், விடியும் வரை லொக்கப்பில் இருந்ததும் அப்போது அம்மா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

மறுநாள் நேரே கச்சேரிக்குப் போனேன். அரசாங்க விசயம் எதுவானாலும் எங்கள் ஆட்கள் முதலில் போய் நிற்பது அங்கேதான். வரிசையில் நின்று, கடைசியில், கோட்டு விசயத்துக்குக் கோட்டுக்குத்தான் போகவேண்டும் என்று கேட்டுக்கொண்டு வந்தேன். கோட்டில் பழைய பதிவுகள் வைக்கிற அறையில் ஒரு சிங்களக் கிளாக்கர் இருந்தார். தமிழ் நன்றாகப் பேசினார்.

"வழக்கு நம்பர்?"

"தெரியாதுங்க மாத்தையா."

"வருசம்?"

"சண்டைக் காலம்."

"சண்டை எத்தனையோ வருசம் நடந்துச்சு தம்பி. ஆள் பேரச் சொல்லித் தேட இது என்ன கல்யாண வீடா?"

எரிந்து விழுந்தாலும் விசயத்தைச் சொன்னார். பொலிஸ் வழக்குகளைக் கோட்டுக்கு வந்த நாள் பிரகாரம்தான் புத்தகத்தில் பதிவார்களாம். பெயர் வரிசை கிடையாது. நாள் தெரிந்தால் பக்கம் கிடைக்கும், பக்கத்தில் நம்பர் கிடைக்கும், நம்பர் இருந்தால் கட்டு கிடைக்கும். எழுதிக் கொடுத்து முத்திரை ஒட்டினால் யாரும் பார்க்கலாம்.

திரும்பி வந்து அப்பாவைப் பிடித்தேன்.

"லாம்புல ஏம்ப்பா எண்ணெ இல்ல?"

"எண்ணெ எங்கடா கெடச்சிச்சு? சண்டையில அரிசியே அளந்து கூப்பனுக்குத்தான்."

"எந்த நாளு?"

"மாசி மகம்டா. மாத்தளத் தேர் பார்க்க வந்த சனத்துக்கு ஆக்கிப் போட, பக்கத்து நாலந்தாவுலேருந்து பூசணிக்கா ஏத்திக்கிட்டு வந்தேன்."

அது போதும். கூப்பன் வந்த பிறகு, சண்டை முடிவதற்கு முன்பு, அப்பா பெயர் செக்ரோலில் விடுபட்ட வருசங்களில் மாசி மாதம் மட்டும் பார்த்தால் சரி.

கிளாக்கர் தூசி தட்டிப் புத்தகத்தை எடுத்துப் போட்டார். லொறிச் சீட்டுகளைப் பார்த்துப் பார்த்து இங்கிலீசு எழுத்தைக் கூட்டிப் படிக்கப் பழகியிருந்தேன். விரலை வைத்து வரிவரியாகப் போனேன். முதல் வருசத்தில் இல்லை. அடுத்த வருசப் புத்தகத்தில், பக்கத்தின் அடியில் அப்பாவின் பெயர் இருந்தது. என் அப்பாவின் பெயரை அதற்கு முன்பு செக்ரோலைத் தவிர வேறெங்கும் நான் எழுத்தில் பார்த்ததில்லை.

நம்பரைச் சொன்னதும் கட்டு வந்தது. கிளாக்கர் கயிற்றை அவிழ்த்து வாசித்தவர் சிரிக்கத் தொடங்கினார்.

"உங்க அப்பா கோட்டுல என்ன சொன்னாரு தெரியுமா? 'மேல இவ்வளவு பெரிய நிலா எரியுது. எனக்கு லாம்பு எதுக்கு'ன்னு கேட்டிருக்காரு."

"தீர்ப்புச் சொன்ன கோட்டுத் தொர என்ன சொன்னாரு?"

"நிலா நல்லாத்தான் இருந்திருக்கும், தண்டத்தக் கட்டுன்னுட்டாரு."

அதற்கு மேலே, தொழில் வண்டிக்காரன், இருப்பிடம் மாத்தளை டவுன் வண்டிப் பட்டி என்று எழுதியிருந்தது. எங்களுக்கு வேண்டியது அந்த வரி. அத்தாட்சிப் பிரதிக்கு முத்திரை ஒட்டிக் கொடுத்துவிட்டு, அது கைக்கு வரும்வரை ஊரைவிட்டு அசையவில்லை.

விசாரணைக்கு நானும் போனேன். அதிகாரி பிரதியை வாசிக்கும்போது அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"நீர்தானா அந்த நிலாக்காரர்?"

அப்பா தலையைத் தூக்கினார். "ஆமாங்க. அன்னைக்கு நல்ல நிலாங்க."

அதிகாரி எதையோ எழுதிக்கொண்டார். சில மாதம் கழித்துப் பிரஜாவுரிமைப் பத்திரம் வந்தது.

பிறகு அப்பாவே அந்தக் கதையை லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தார், தன் பேச்சைக் கோட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று. அதைக் கேட்டுவிட்டு, கடைசிக் காம்பரா மாமா எங்கள் வாசலுக்கு வந்தார். அவருடைய செக்ரோலிலும் அதே ஓட்டை.

"நாங்க ஒரு வம்புக்கும் போனதில்லியேப்பா" என்றார் முகம் வாடி.

"அதான் மாப்புள சங்கடம்" என்றார் அப்பா, நிஜமான இரக்கத்தோடு.

மறுவாரம் தம்புள்ளை லொறிக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். போகவில்லை. மாமாவைப் பக்கத்தில் உட்காரவைத்தேன்.

"சாட்சி சொல்லவாவது போனீங்களா மாமா?"

அவர் யோசித்தார். "மாடு திருட்டுல ஒரு தடவ கூப்பிட்டாங்க."

"சரி. அன்னைக்கு ஊர்ல என்ன விசேசம்?"