கூப்பிட்டால் திரும்பாத நாய்

நான் படித்த படிப்பின் பெயரை எங்கள் தெருவில் யாரும் ஒழுங்காகச் சொன்னதில்லை. வடக்கே, இரண்டு நாள் ரயில் தூரத்தில், ஒரு கல்லூரியில் அனிமேஷன் படித்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் ராஜபாளையத்தில் அதற்குப் பெயர் 'பொம்மப் படம் போடுற படிப்பு'. மில்லில் ஸ்டோர் கீப்பராக இருந்த அப்பா அதைக்கூடச் சொல்ல மாட்டார். யாராவது கேட்டால் "டிசைன்" என்று முனகிவிட்டு மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

கடைசி வருடம் ஆளுக்கொரு குறும்படம் செய்ய வேண்டும். என்னுடையது இரண்டு நிமிடக் கதை. மாந்தோப்பைக் காக்கும் ஒரு வெள்ளை நாய், பழம் திருட வரும் ஒரு மலையணில். அணில் வருவதை நாய் முதலில் காதால் அறிய வேண்டும், கண்ணால் பார்ப்பது அப்புறம்தான். அந்த ஒரு நொடியில்தான் படமே நிற்கிறது. எங்கள் ஊர் நாயை நான் வரையாமல் வேறு யார் வரைவார்கள் என்ற திமிரோடு முதலில் வரைந்த படங்களைக் கொண்டுபோய் வைத்தேன். தேர்வுக் குழு திருப்பிக் கொடுத்துவிட்டது. "நாய் அழகாக இருக்கிறது. காதும் இருக்கிறது. ஆனால் அதற்குக் கேட்கவில்லை" என்றார் மூத்த ஆசிரியர். எல்லோரும் சிரித்தார்கள்.

ஆறு வாரம் தந்தார்கள். அதற்குள் கேட்கிற நாயோடு வராவிட்டால் வருடம் போச்சு. வருடம் போனால் படிப்பும் போச்சு. மில் ஆபீஸில் டைப்பிஸ்ட் இடம் காலியாகப் போகிறது என்று அப்பா ஏற்கனவே இரண்டு கடிதம் போட்டிருந்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தேன்.

அணில் தொந்தரவு தரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் போய் அங்கிருந்து மலையடிவாரச் செண்பகத்தோப்புக்கு நாலு தடவை அம்மாவை இழுத்துக்கொண்டு போனேன். மூன்று தடவை வாலை மட்டும் பார்த்தோம், நாலாவது தடவை கிளையில் வயிறு அழுத்திப் படுத்திருந்த முழு அணிலையும். அந்த வாலே போதும், கோபம், ஆசை, பயம் எல்லாவற்றையும் அதில் சொல்லிவிடலாம். அம்மாவுக்குத்தான் மானம் போனது. "யாரும் கேட்டா ஆண்டாளைச் சேவிக்கப் போனோம்னு சொல்லு. அணிலப் பாக்க பஸ் ஏறுனோம்னு சொல்லித் தொலச்சிராத" என்றாள்.

நாய்தான் என்னைக் கொன்றது. எதிர்வீட்டு மாமா இரண்டு வெள்ளை நாய்கள் வைத்திருந்தார், ஒரு தாயும் அதன் ஒன்றரை வயதுக் குட்டியும். வீட்டுக்குள் தெலுங்கு, தெருவில் தமிழ் பேசுகிற குடும்பம். இரண்டு மொழியிலும் நாயைப் பற்றித்தான் பேசுவார்கள். கல்லூரியில் அடி வாங்கிய என் படங்களெல்லாம் போன விடுமுறையில் அந்தக் குட்டியைப் பார்த்து வரைந்தவை. ரோஜா நிற மூக்கு, தேன் நிறக் கண். யார் முகத்தையாவது பிடித்துக்கொண்டால் கண்ணை எடுக்காது. பாசம் என்று எழுதி அதற்கென்றே ஒரு தாள் முழுக்க வரைந்திருந்தேன். கூப்பிட்டால் மட்டும் திரும்பாது. அதைக் குறையாகச் சொன்னால் மாமாவுக்குக் கோபம் வரும். "கூப்ட்ட கொரலுக்கு ஓடியாறதுக்கு இது என்ன தெருநாயாம்மா?" என்பார். நாங்களும் தலையாட்டுவோம். எங்கள் ஊரில் வெள்ளை நாய் திரும்பிப் பார்க்காவிட்டால் அது கௌரவம்.

தினமும் அதன் எதிரில் உட்கார்ந்தேன். தாய் எழுந்தால் குட்டியும் எழும், தாய் குரைத்தால் இதுவும் குரைக்கும். காது மட்டும் என் தாளில் தொங்கிக்கொண்டே இருந்தது. நிமிர்த்தி வரைந்தால் முயல், மடக்கி வரைந்தால் ஆடு. ஒரே நாயைப் பல கோணத்தில் வரையும் கேரக்டர் ஷீட் என்று நாற்பது தாள் கிழித்தேன். நாய் படாத பாடு என்பார்கள். பட்டது நான், நாய் சுகமாகத்தான் இருந்தது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அப்பா டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் விசாரித்துவிட்டு வந்தார். ரயிலுக்கு ஐந்து நாள் இருந்தது.

அன்று மதியம் தாயைக் கொல்லையில் கட்டியிருந்தார்கள். குட்டி வாசலில் தனியாகத் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. சத்தம் கேட்டுத் திடுக்கிடுவதை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்று எங்கள் வீட்டு எவர்சில்வர் தாம்பாளத்தையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு பின்னால் போய் நின்று அடித்தேன். மதில்மேல் இருந்த காக்கை பறந்தது. குட்டி திரும்பவில்லை. இன்னும் பலமாக அடித்தேன். கொல்லையில் தாய் குரைத்தது. குட்டி தெருவைப் பார்த்தபடியே இருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. காப்பி டம்ளரோடு மாமா நிலைப்படியில் வந்து நின்றதையும் பார்த்தேன். காது கேளாத வெள்ளைக் குட்டி அங்கங்கே பிறக்கும், தெரிந்த மறுவாரம் அது வீட்டில் இருக்காது, எங்கே என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். சும்மா விளையாடினேன் மாமா என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். வரவில்லை. காது ஒரு நூலளவு அசைந்தாலும் வரைந்துவிடுவேன் என்ற வெறி. குனிந்து, அதன் தலைக்குப் பின்னால் மூன்றாவது தடவை ஓங்கி அடித்தேன். என் நிழல் விழுந்த பிறகுதான் திரும்பியது. என் முகத்தைப் பார்த்து வாலை ஆட்டியது.

"செவுடா இது?" என்றார் மாமா. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் வாசலில் குட்டி இல்லை. எதிர்வீட்டு அத்தையிடம் கேட்டேன். என்னைப் பார்க்காமல் கோலமாவு டப்பாவை மூடியபடி, "தோப்புக்கு அனுப்பியாச்சு" என்றாள். அவர்களுக்கு ஒரு வீடும் இரண்டு கடையும் உண்டு. தோப்பு கிடையாது.

"நீ தட்டலைன்னாலும் என்னைக்காச்சும் தெரிஞ்சிருக்கும்" என்றாள் அம்மா. உண்மைதான். ஆனால் அன்றைக்குத் தட்டியது நான். மூன்றாவது தடவை எதற்காகத் தட்டினேன் என்பதும் எனக்குத் தெரியும்.

அன்று மத்தியானம் தாய் நாயை வாசலுக்கு மாற்றிக் கட்டியிருந்தார்கள். அது சோறு தின்னவில்லை. கேட் சங்கிலி ஆடினாலும், தெருமுனையில் சைக்கிள் திரும்பினாலும், காதின் அடி முதலில் எழும், பிறகு தலை, கடைசியில்தான் கண் தேடும். யாருமில்லை என்று தெரிந்ததும் அதே வரிசையில் எல்லாம் இறங்கும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் உள்ளே போய்ப் பென்சிலை எடுத்து வந்தேன். வெட்கமாக இருந்தது, கை மட்டும் நிற்கவே இல்லை. ஆறு வாரம் வராத காது ஒரு மத்தியானத்தில் வந்துவிட்டது. அதைக் குட்டியின் உடம்பில் வைத்து வரைந்தேன்.

படம் பாஸானது. மூத்த ஆசிரியர் அந்தத் தாளை உயர்த்திப் பிடித்து மற்ற மாணவர்களுக்கும் காட்டினார். இப்போது இந்த நாய்க்குக் கேட்கிறது என்றார். யாருடைய நாய் என்று விசாரித்தார், எதிர்வீட்டு நாய் என்றேன். இப்போதும் ஊரில்தான் இருக்கிறதா என்று கேட்டார்.

"தோப்பில் இருக்கிறது சார்" என்றேன்.