எல்வீராக்கா வாங்கி வைத்த தேங்காய்

செபஸ்தியாம்பிள்ளைக்கு ஒரு பழக்கம். யாராவது சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மேசையைக் கடந்தால், தெரிந்தவரோ தெரியாதவரோ, தலையைத் தாழ்த்தி "புரோவெச்சோ" என்பார். சாப்பாடு உடம்பில் ஒட்டட்டும் என்று பொருள். மன்னாரிலிருந்து கனடாவுக்குப் புறப்பட்ட அவரை, ஆட்களைக் களவாய் அனுப்பும் ஏஜென்சிக்காரன் தென்னமெரிக்காவில் எக்குவடோரின் கீட்டோ நகரில் இரண்டரை வருடம் விட்டுவைத்திருந்தபோது தொற்றிய ஸ்பானியச் சொல். பாரிஸின் லா சப்பலில் அவர் பரிமாறும் சாப்பாட்டுக்கடையில் மட்டுமல்ல, மெத்ரோ ரயிலில் சாண்ட்விச் கடிப்பவரிடமும் சொல்வார். மகள் ஜெனிற்றா சின்ன வயதிலிருந்தே வெட்கத்தில் அவருக்கு நாலடி பின்னால்தான் நடப்பாள்.

குடும்பத்தில் முதல் பட்டதாரி அவள். புலம்பெயர்ந்தோரைப் பற்றி நூற்றிருபது பக்கம் எழுதி மாஸ்டர் முடித்ததும், சக மாணவர்களுக்கு விருந்து அப்பா வேலை செய்யும் கடையில்தான் என்று அம்மா பேர்ளி சொல்லிவிட்டாள். ஜெனிற்றா அப்பாவிடம் பிரெஞ்சில் ஒன்றே ஒன்று கேட்டாள்: இன்றைக்கு மட்டும் அந்தச் சொல் வேண்டாம்.

"ஓம் பிள்ளை" என்றார்.

இரண்டு தரம் வாயை இறுக்கிக்கொண்டு மேசையைக் கடந்தார். மூன்றாம் தரம் வாய் தானாகத் திறந்துவிட்டது. ஜெனிற்றாவுக்குக் காது சுட்டது. ஆனால் சக மாணவி, கீட்டோவில் பிறந்த லூசியா கரண்டியை வைத்துவிட்டு எழுந்து நின்றாள். பாரிஸில் நாலு வருடமாக யாரும் தனக்கு அதைச் சொன்னதில்லையாம்.

பிறகு இருவரும் ஸ்பானியத்தில் பொழிந்தார்கள். பிரெஞ்சில் மூன்று சொல்லுக்குத் திணறும் அப்பா அதில் பகிடி விட்டார், மறுத்துப் பேசினார், கை தட்டிச் சிரித்தார். இந்த மனிதரை ஜெனிற்றா இதுவரை சந்தித்ததே இல்லை.

என்ன கதை என்று கேட்டாள். அவர் தமிழில் சொல்ல, அவள் மேசைக்குப் பிரெஞ்சில் சொன்னாள்.

"கீட்டோவுக்குப் போன புதிசிலை, சாப்பாட்டுக்கடையிலை மூண்டு நாளாய் சூப்பைத் தொடேல்லை. சோறு வரட்டும், ஊத்திச் சாப்பிடுவம் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். சூப் முடிஞ்சால்தான் அங்கை சோறு வரும். கடைக்கார எல்வீராக்கா, தன்ரை சூப் எனக்குப் பிடிக்கேல்லை எண்டு முகத்தை நீட்டிக்கொண்டு நிண்டா."

நாலாம் நாள் அவரே உள்ளே போய்ச் சோற்றை அள்ளி வந்து சூப்பை ஊற்றிப் பிசைந்தாராம். எல்வீராக்கா கண்ணில் நீர் வரச் சிரித்து, மறுநாளே குசினியில் வேலை கொடுத்தாராம். பிறகொரு நாள், வருகிற ஞாயிற்றுக்கிழமை மன்னார் மீன்குழம்பு வைத்துத் தருவதாக இவர் வாக்குக் கொடுத்தார். எல்வீராக்கா அதற்கு இரண்டு தேங்காய் வாங்கி வைத்தார். முதல்நாள் சனிக்கிழமை ஏஜென்சிக்காரன் வந்து, ஒரு மணித்தியாலத்தில் விமானநிலையம் என்றான். எல்வீராக்காவிடம் சொல்லாமலே புறப்பட்டார். பயணம் பாரிஸில் முடிந்தது.

ஆய்வுக்காக நாற்பது பேரிடம் கேள்வி கேட்டவள் ஜெனிற்றா. நாற்பத்தோராவது ஆள் வீட்டில்தான் இருந்தார். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்க்க, "என்ரை அப்பா" என்றாள், கடை முழுவதும் கேட்க, தமிழில்.

ஆகஸ்டில் கீட்டோவுக்குப் போகும்போது எல்வீராக்காவைத் தேடிச் செய்தி சொல்வதாக லூசியா சொன்னாள். செபஸ்தியாம்பிள்ளை வெற்றுக் கோப்பைகளை அடுக்கினார்.

"சொல்லி அனுப்பித் தீர்க்கிற விசயமில்லைப் பிள்ளை. அந்த மனிசி தேங்காய் வாங்கி வச்சது. நான்தான் போய்த் துருவவேணும்."

ஆகஸ்டில் லூசியா போனாள்; செபஸ்தியாம்பிள்ளை போகவில்லை. அவருடைய பிரெஞ்சுக் கடவுச்சீட்டு இன்னும் அலுமாரியில்தான் இருக்கிறது.