சுண்டக் காய்ச்சிய தண்ணீர்

பல்கலைக்கழகத்தில் சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவாகிவிட்டோம் என்று துள்ளுகிற பிள்ளைகளுக்கு இறுதியாண்டில்தான் கம்பஸ் தன் மற்ற முகத்தைக் காட்டும். ஆராய்ச்சி ஒன்று செய்யவேண்டும். அதற்கு ஒரு மேற்பார்வையாளர் வேண்டும். அவரைப் பிள்ளையேதான் தேடிப் பிடிக்கவேண்டும். கலியாணத்துக்காவது ஒரு தரகர் இருப்பார், இதற்கு அதுவும் இல்லை. வாய்க்காரப் பிள்ளைகள் விடுமுறைக்கு முன்னரே நல்ல விரிவுரையாளர்களை வளைத்துப் போட்டுவிட்டார்கள். மிச்சமாய் நின்றவள் கீர்த்திகா.

வலிகாமத்துத் தோட்டக்காரக் குடும்பம் அவளுடையது. தாயும் தகப்பனும் வெங்காயத் தறைக்கும் வீட்டுக்குமாக ஓடித் தேய்ந்தவர்கள். அக்கா தனுஷா உயர்தரப் பரீட்சையோடு படிப்பை விட்டுவிட்டு யாழ்ப்பாணத்தில் ஒரு புடவைக்கடையில் வேலைக்கு நின்றாள். தங்கச்சி நல்லூருக்கு ரியூசன் போனது அந்தச் சம்பளத்தில்தான். அதை அக்கா ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. "என்ரை தங்கச்சி கெமிஸ்ற்றி படிக்கிறாள்" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லியே சந்தோசப்பட்டவள். கலியாணம் முடித்து அடுத்த ஒழுங்கையில் புகுந்த வீட்டுக்குப் போன பிறகும் அந்தப் பெருமை குறையவில்லை.

கீர்த்திகா கதவு கதவாகத் தட்டினாள். ஒருவர் தன்னிடம் ஏற்கெனவே இரண்டு பேர் என்றார். இன்னொருவர் அவள் கதைத்து முடியும்வரை கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்ன சொன்னனீர்?" என்றார். மேற்பார்வையாளர் கிடைக்காவிட்டால் சிறப்புப் பட்டம் கையைவிட்டுப் போய்விடும். சாதாரணப் பட்டத்தோடு வீட்டுக்குப் போய் அக்காவின் முகத்தைப் பார்க்கவேண்டும். அதை நினைக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் ஒரு கதவுதான் மிஞ்சியது. கலாநிதி பஞ்சலிங்கம். நெடுந்தாழ்வாரத்தின் மறுகோடியில் அவருடைய அறை. பிள்ளைகள் அந்தப் பக்கம் போவதில்லை. ஏன் என்று கேட்டால் ஒருவரும் நேராகச் சொல்லமாட்டார்கள். "அவரிட்டைப் போகாதை" என்பார்கள், அவ்வளவுதான்.

அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை. போனாள்.

"கிணத்துத் தண்ணியிலை நைத்திரேற்று. தோட்டத்துக்குப் போடுற உரம் இறங்கிற ஊர்கள் வேணும். செய்வீரோ?" என்று கேட்டார் அவர்.

"எங்கடை ஊரே அப்பிடித்தான் சேர். எல்லாக் கிணறும் எனக்குத் தெரியும்."

பஞ்சலிங்கம் அவளை நன்றாகப் பார்த்தார்.

"ஒரு நிபந்தனை. நான் பாத்துச் சரியெண்டு சொல்லும் வரைக்கும் ஒரு வீட்டுக்காரருக்கும் நீர் வாய் திறக்கக் கூடாது. முந்தி ஒரு பிள்ளை அவசரப்பட்டு ஒரு ஊருக்கே சொல்லிப்போட்டுது. சனம் கிணறுகளை மூடிச்சுது. பிறகு பாத்தால் அந்தப் பிள்ளையின்ரை கணக்குப் பிழை. சனம் இஞ்சை வந்து என்னை நிக்கவைச்சுக் கேட்டது. இனி ஒருக்கா நான் அப்பிடி நிக்கமாட்டன். விளங்குதோ? வாய் திறந்தால் வேறை சுப்பவைசரைத் தேடும்."

"ஓம் சேர்" என்றாள் கீர்த்திகா. அந்த நேரத்தில் அவர் கிணற்றுக்குள் குதி என்றிருந்தாலும் ஓம் என்றிருப்பாள். வெளியே வந்து அக்காவுக்குத்தான் முதலில் போன் எடுத்தாள். அக்கா மறுமுனையில் அழுதேவிட்டாள்.

தண்ணீர் எடுக்கும் வேலை சுகமாகவே தொடங்கியது. துவிச்சக்கரவண்டிக் கூடையில் போத்தல்களை அடுக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். சில வீடுகளில் தேத்தண்ணி கிடைத்தது. கடைசியாக அக்காவின் வீட்டுக்குப் போனாள். அத்தான் பிரணவன் வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றார். கிணறு தறையின் ஓரத்திலேயே இருந்தது. உரப்பைகள் கிணற்றுக்கட்டோடு சாத்திக் கிடந்தன.

"எடு, எடு," என்றாள் தனுஷா, இடுப்பில் பிள்ளையோடு. "உவையள் எல்லாரின்ரை கிணறும் சவர். இந்த ஒழுங்கைக்கே எங்கடைதான் நல்ல தண்ணி. குடிச்சுப் பார், இளநீர் மாதிரி இருக்கும்."

அது உண்மைதான். அந்தப் பக்கத்தில் நல்ல தண்ணீர் என்றால் நாக்குக்கு இனிக்கிற தண்ணீர். உப்புக் கரித்தால் கூடாது, இனித்தால் நல்லது. அதற்கு மேல் ஒருவரும் கேட்பதில்லை. பெண் பார்க்கப் போகிற இடத்தில்கூடக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்து அந்தக் குடும்பத்தைப் புகழுகிற சனம் அது.

பிள்ளைக்கு அப்போது இரண்டு மாதம். அக்காவுக்குப் பால் போதவில்லை. ஆகவே அந்தத் தண்ணீரில் கரைத்த பால்மா. கீர்த்திகா பிள்ளையை வாங்கிக் கொஞ்சினாள். நாவற்பழம் தின்றதுபோல உதடு ஊதா நிறத்தில் இருந்தது.

"என்னக்கா, பிள்ளை கறுத்துப் போச்சு?"

"தேப்பனைப் போலை வருது. வேறை என்ன? அம்மா நாவூறு கழிச்சவ."

அத்தான் தறையில் நின்றபடியே சிரித்தார். கீர்த்திகாவும் சிரித்துவிட்டுப் போத்தலை மூடினாள்.

அக்காவின் கிணற்றுக்கு முதல் முடிவு வந்தபோது அவள் ஆய்வுகூடத்தில் தனியே இருந்தாள். குடிக்கலாம் என்ற எல்லையைப்போல் மூன்று மடங்கு. பிழையாயிருக்கும் என்று மறுபடி செய்தாள். அதே அளவு. பாடப்புத்தகத்தில் படித்த ஒரு பக்கம் அவளுக்குத் தானாக நினைவு வந்தது. நைத்திரேற்றுக் கூடின தண்ணீர் பெரிய ஆட்களை உடனே ஒன்றும் செய்யாது. பச்சைக்குழந்தைகளின் இரத்தத்தைத்தான் அது பிடிக்கும். உதடும் நகமும் நீலம் பாயும். அந்தப் பக்கத்தை அவள் சோதனைக்காகப் பாடமாக்கியவள்.

பஞ்சலிங்கம் கூட்டமொன்றுக்குக் கொழும்பு போயிருந்தார். போன் எடுத்தாள்.

"சேர், ஒரு கிணத்திலை நைத்திரேற்று சரியான கூட."

"எல்லாரும் முதலிலை உப்பிடித்தான் சொல்லுறது. பழைய முறையாலையும் ஒருக்காச் செய்யும். நான் வந்து பாக்கிறன். ஒருத்தருக்கும் சொல்லேல்லைத்தானே?"

"இல்லை சேர்."

அது தன் அக்காவின் கிணறு என்று அவள் சொல்லவில்லை. அந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்றும் சொல்லவில்லை. சொன்னால், சொந்தக்காரரின் கிணற்றை வைத்தா ஆராய்ச்சி என்று தள்ளிவிடுவாரோ என்று பயம். ஒரு வசனம். அந்த ஒரு வசனத்தை அவள் விழுங்கினாள். படித்த பிள்ளைகளுக்கு வருகிற பயத்தைப்போல முட்டாள்தனமான பயம் வேறில்லை.

ஆனாலும் மனம் கேட்கவில்லை. அன்று பின்னேரம் வீட்டுக்குப் போகிற வழியில் அக்காவின் படலையடியில் வண்டியை நிறுத்தினாள். வாக்கையும் மீறக்கூடாது, சும்மாவும் போகமுடியாது. இரண்டுக்கும் நடுவில் நின்று வாயில் வந்ததைச் சொன்னாள்.

"அக்கா, பிள்ளைக்குத் தண்ணி நல்லாக் கொதிக்கவைச்சுக் குடு என்ன?"

தண்ணீர் என்றால் கொதிக்கவைப்பது. அம்மா சொன்னது, பள்ளிக்கூடத்தில் சொன்னது, சுகாதாரப் பரிசோதகர் வந்து சொன்னது. அவளுடைய வாயும் அதையே சொன்னது. தனுஷா அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"ஏன், தண்ணி ஏதும் பிழையோ?"

"சீ, இல்லை. சும்மா சொல்லுறன்."

வண்டியை எடுத்துக்கொண்டு போகையில் பெரிய காரியம் செய்துவிட்டதைப்போல் அவளுக்கு மூச்சு இலேசானது. அன்றைக்கு நித்திரையும் வந்தது. அதை நினைத்தால்தான் இந்தக் கதையைச் சொல்லுகிற எனக்கு இன்றும் ஆத்திரம் வரும்.

அடுத்த நாட்களில் அக்கா இரண்டு தரம் போன் எடுத்தாள். பிள்ளை பாலைத் தள்ளுகிறது என்றாள். பிறகு, பிள்ளை அழக்கூடப் பஞ்சிப்பட்டுச் சோர்ந்து கிடக்கிறது என்றாள். "கைக்குழந்தையளுக்கு வாற கிரந்தியாக்கும் எண்டு அம்மா சொல்லுறா. நீ யோசிக்காமல் உன்ரை வேலையைப் பார்" என்றும் சொன்னாள். கீர்த்திகா சேரின் வரவை எண்ணிக்கொண்டிருந்தாள். அவர் வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த நிமிடமே ஓடிப்போய்ச் சொல்லிவிடலாம்.

பழைய முறையில் செய்வதென்றால் தண்ணீரைப் பீங்கான் கிண்ணத்தில் விட்டு, சூட்டில் வைத்து, முழுவதும் வற்றவிட வேண்டும். அக்காவின் கிணற்றுத் தண்ணீரை அவள் அப்படித்தான் வைத்தாள். ஆவி பறந்தது. தண்ணீர் கிண்ணத்தின் பாதிக்கு வந்தது, பிறகு அடிக்கு வந்தது. கடைசியில் கிண்ணத்தில் வெள்ளையாய் ஒரு படலம் ஒட்டிக்கிடந்தது. தண்ணீர் மட்டுந்தான் போகும். அதில் கிடந்ததெல்லாம் அப்படியே இருக்கும், சுண்டச் சுண்ட இன்னும் செறியும். அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

கொதிக்கவைக்கச் சொன்னது யார்?

அக்காவுக்குப் போன் எடுத்தாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி எடுத்தாள். அத்தானுக்கு எடுத்தாள். அத்தானின் போனை அம்மாதான் கடைசியில் எடுத்தா. "பிள்ளைக்குக் கை நகமெல்லாம் நீலம் பாய்ஞ்சு போச்சடி. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினம்," என்றா.

கீர்த்திகா ஓடிப் போனபோது ஆஸ்பத்திரியின் பிள்ளைகள் விடுதி வாசலில் அத்தான் சேற்றுக் காலோடு நின்றார். உள்ளே பிள்ளையின் மூக்கில் குழாய். தோல் சாம்பல் பூசியதுபோல இருந்தது. டொக்டர் ஒரு சொட்டு இரத்தத்தை வெள்ளைத் துணியில் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். இரத்தம் சிவப்பாயில்லை, கோப்பிக் கசடுபோல் இருந்தது.

"என்ன தண்ணியிலை பால் கரைக்கிறனீங்கள்?"

தனுஷா நிமிர்ந்தாள். அந்தப் பயத்துக்குள்ளும் அவளுடைய குரலில் பழைய பெருமை இருந்தது.

"எங்கடை நல்ல தண்ணிக் கிணறு டொக்டர். அதையும் சும்மா குடுக்கிறேல்லை. இவள் என்ரை தங்கச்சி, கம்பஸிலை தண்ணியைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்யிறாள். இவள் கொதிக்கவைக்கச் சொன்னவள். அண்டையிலையிருந்து பானையிலை பாதியாச் சுண்டும் வரைக்கும் காய்ச்சித்தான் குடுக்கிறன். ஒரு நேரமும் பிசகேல்லை."

டொக்டர் கீர்த்திகாவைப் பார்த்தார். அவள் வாய் திறந்தாள். கிணற்றைப் பற்றி, முடிவைப் பற்றி, மூன்று மடங்கைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னாள். டொக்டர் தாதியைக் கூப்பிட்டு, இரத்தத்தைப் பழையபடி சிவக்கவைக்கிற நீல மருந்தை ஏற்றச் சொன்னார்.

விடுதி வாசலில் நின்று அவள் கொழும்புக்கும் போன் எடுத்தாள். அது அக்காவின் கிணறு என்று இப்போதுதான் சொன்னாள். பஞ்சலிங்கம், "கைப்பிள்ளை இருக்கிற வீடெண்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அண்டைக்கே ஓடிப்போய்ச் சொல்லும் எண்டிருப்பனே பிள்ளை" என்றார். அந்த மனிதரை அப்போதுதான் அவள் முதன்முதலாக அறிந்தாள்.

பொழுதுபடுகிற நேரம் பிள்ளையின் உதட்டில் மெல்லச் சிவப்பு ஏறியது. பிழைத்துவிடும் என்றார்கள். அம்மா நல்லூர்க் கந்தனுக்கு நேர்த்தி வைத்தா. தனுஷா அழவில்லை, ஏசவில்லை. காய்ச்சிய தண்ணீரோடு வீட்டிலிருந்து கொண்டுவந்த சுடுதண்ணிப் போத்தல் அவளுடைய மடியில் இருந்தது. அதன் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். திரும்ப மூடினாள். பிறகு தங்கச்சியைப் பார்க்காமலே கேட்டாள்.

"உனக்குத் தெரியும்தானே. அப்ப ஏன் என்னைக் காய்ச்சச் சொன்னனீ?"

கீர்த்திகா அக்காவின் காலடியில் இருந்தாள். தனுஷா எழும்பிப் போய், அந்தத் தண்ணீரைக் கைகழுவும் தொட்டியில் கடைசிச் சொட்டுவரை ஊற்றினாள்.