மாமாவின் ரேசருக்கு ஒரு கைப்பிடி

செம்மண்டலத்தில் இருந்த என் தாய்மாமனுக்கு வலது கை நடுங்க ஆரம்பித்து ஆறு மாதம். சோப்பு நுரை பட்டால் ரேசரின் ஒல்லிப் பித்தளைப் பிடி வழுக்கிக் கன்னத்தைக் கிழிக்கும். சலூனுக்கும் போகமாட்டார், என்னையும் தொடவிடமாட்டார். வெள்ளிக்கிழமை என் தங்கச்சிக்கு நிச்சயதார்த்தம். தட்டு எடுக்க வேண்டியவர் அவர்தான்.

“தாடியோட சபையில நிக்கமாட்டேன் மாப்ள. தட்ட வேற எவனாவது தூக்கட்டும்” என்றுவிட்டார்.

எனக்கு இன்ஜினியரிங் முடித்த திமிர். தடிமனாக ஒரு பிடி செய்தால் போச்சு என்று சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன். கடைசல் பட்டறைக்காரர் பித்தளைத் துண்டு ஒன்றை நீட்டினார். இரும்புக்கு முலாம் பூசியதோ என்று காந்தம் வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. ஆனால் கனம் ஜாஸ்தி, நடுங்கும் கைக்கு ஆகாது. அலுமினியம் வழுக்கும். கடைசியில் மஞ்சளாக ஒரு கட்டையை எடுத்தார்.

“பலாமரம் தம்பி. லேசா இருக்கும், தண்ணிக்கும் தாங்கும்.”

இவ்வளவு மஞ்சளாகவா ஒரு மரம் இருக்கும்? கட்டையை மாற்றிவிடுவாரோ என்று கடைந்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். விரல் பிடிக்க வரிவரியாகப் பள்ளம் போட்டு, ரேசர் தலையை முடுக்கும் நட்டையும் உள்ளே இறக்கிக் கொடுத்தார்.

வீட்டில் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டேன். தண்ணீர் முழுக்க மஞ்சள். ஏமாத்திட்டான்! வியாழன் காலையே போய் நின்றேன்.

“என்னண்ணே, சாயத்துல முக்கிக் குடுத்தீங்களா?”

“எந்த ஊரு நீ?”

“காடாம்புலியூரு.”

மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். “ஊரே பலாத்தோப்பு. பழத்த மட்டும் துன்னியா? மரத்த அறுத்துப் பாத்ததே இல்லியா?”

என் கண்ணெதிரே புதுக்கட்டை ஒன்றைப் பிளந்து சோப்புத் தண்ணீரில் போட்டார். கொஞ்ச நேரத்தில் அதுவும் மஞ்சள்.

“மரத்தோட சாறுய்யா. வார்னிஷ் அடிச்சித் தரேன், நின்னுடும்.”

வார்னிஷ் டப்பாவையும் மோந்து பார்த்தேன். “குடிச்சிப் பாக்கறியா?” என்றார்.

வெள்ளிக்கிழமை காலை மாமா பிடியை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். நான் துண்டோடு பக்கத்தில் நின்றேன்.

“என்னா பாக்குற? கதவ சாத்திட்டுப் போ.”

கதவில் காதை வைத்தேன். சத்தமே இல்லை. வழுக்கிவிட்டதா, கழுத்தில் கிழித்துக்கொண்டாரா? தட்டலாமா என்று கையை ஓங்கியபோது கதவு திறந்தது. இரண்டு கன்னமும் மழமழ. தாடைக்குக் கீழே மட்டும் பேப்பர் துணுக்கு ஒன்று ரத்தப்பொட்டோடு ஒட்டியிருந்தது.

“தட்டு எங்க மாப்ள?” என்றார்.