நாலாம் கியரில் என் கால்

மானிப்பாய் வீதியில் யாருடைய மோட்டார் சைக்கிளாவது நாலாம் கியரிலிருந்து தானாகக் கழன்று, இழுக்கப் பாரமில்லாமல் வீணாக அலறினால், என் இடது கால் பின்வாங்கிக்கொள்கிறது. பின்வாங்கவேண்டிய காலத்தில் பின்வாங்காத கால்.

அந்த அலறலை நான் முதலில் கேட்டது நண்பனின் வண்டியில். வண்டி அவனுடையது, அதை அதிகம் ஓடியவர்கள் அவனுடைய தம்பியும் நானும். தம்பிக்கு முப்பது வயது, பருத்தித்துறையில் வேலை. அவன் வீடு திரும்பிய பிறகு பின்னேரங்களில் வண்டி என்னிடம் இருக்கும். எங்கே போகிறேன் என்று தெரியாமலே அளவெட்டி வரை போய்த் திரும்புவேன்.

ஒரு போயா விடுமுறை நாள், மழை. நண்பன் எஞ்சினை இறக்கினான். வடித்த ஒயிலில் இரும்புத்தூள் மினுங்கியது. கியர்ப் பெட்டியைப் பிளந்து, பற்சக்கரங்களைச் சாக்கில் வரிசையாக வைத்தான். நாலாம் கியரைத் தள்ளுகிற கவை ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து, சூட்டில் நீலம் பாரித்திருந்தது.

"இஞ்சை பார் மச்சான். ஆரோ கியர் லீவரிலை காலைப் போட்டுக்கொண்டு ஓடியிருக்கினம். பாரம் முழுக்க உதிலைதான் இறங்கியிருக்கு. நீயோ?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டான். ஓம் என்றிருந்தால் ஓர் ஏச்சோடு முடிந்திருக்கும்.

"எனக்கு அந்தப் பழக்கமில்லை. தம்பியைக் கேள். நெடுந்தூரம் ஓடுறவன் அவன்தானே."

தேத்தண்ணியோடு வந்த தம்பி திகைத்தான். "நான் அப்பிடி ஓடுறேல்லை, அண்ணை."

"ஐயா ஓடுறேல்லையாம்! கவை பொய் சொல்லுமே?" நண்பன் கவையைத் தூக்கிக் காட்டினான்.

நான் குனிந்து, கையிலிருந்த புது கஸ்கட் தாளை ஆராய்ந்தேன். அதில் ஆராய ஒன்றுமில்லை.

புதுக் கவை, புதுப் பற்சக்கரம். பூட்டி முடித்ததும் கியர் சத்தமில்லாமல் விழுந்தது. நண்பன் வண்டியின் திறப்பை என் கையில் வைத்தான். "இனி நீ மட்டும் ஓடு. உவனிட்டைக் குடுத்தா நான் திரும்பவும் பிளக்கவேணும்."

தம்பி இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போனான். பிந்திப் போய் ஏச்சு வாங்கினான். வீட்டில் அண்ணனும் தம்பியும் கதைப்பது குறைந்து, ஒருநாள் நின்றேபோனது. ஒரு சொல்லால் நான் அதைத் திருத்தியிருக்கலாம். நாளை, நாளை என்று ஓடிக்கொண்டிருந்தேன், அதே வண்டியில்.

மூன்றாம் மாதம் அவன் பருத்தித்துறையில் ஓர் அறை எடுத்தான். போகிற அன்று அண்ணன் வெளியே வரவில்லை. பஸ் நிலையம் வரை நான்தான் ஏற்றிக்கொண்டு போனேன். வழியெல்லாம் சொல்லவேண்டியதை மனதுக்குள் அடுக்கினேன். பின்னால் இருந்தவன் எதைப் பார்த்துக்கொண்டு வருகிறான் என்று நினைக்கவில்லை.

பஸ் உறுமிக்கொண்டு நின்றது.

"தம்பி, அண்டைக்கு நான்..."

அவன் பையைத் தோளில் போட்டு, மிதிபலகையில் ஏறித் திரும்பினான். கோபமே இல்லாத குரல்.

"திரும்பிப் போகேக்கை எண்டாலும் காலைக் கியரிலையிருந்து எடுத்துப்போட்டு ஓடுங்கோ, அண்ணை."